ஆங்கிலப் பிரதியே இறுதியானது

நீட் தேர்வின் தகவல் கையேட்டில் ஒரு விதி இருக்கிறது. கேள்வியின் மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கிலப் பிரதியே இறுதியானதாகக் கொள்ளப்படும். முழுக்கைச் சட்டை கூடாது, ஷூ கூடாது, கம்மல் கூடாது என்ற தடைகளையெல்லாம் வரிவரியாகப் படித்து, மகளின் கம்மலைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொள்கிற பெற்றோர் இந்த வரியை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள். சாயங்காலம் கம்மல் திரும்பக் காதுக்கு வந்துவிடும். இந்த வரி கழற்றிக்கொண்டது திரும்பி வராது.

இவ்வளவு நேர்மையான வாக்கியம் இந்திய அரசின் காகிதங்களில் அரிது. 13 மொழிகளில் கேள்வித்தாள் கொடுக்கிறோம் என்று மேடையில் சொல்லிவிட்டு, ஒரே மொழியில்தான் திருத்துகிறோம் என்று கையேட்டின் உள்பக்கத்தில் ஒப்புக்கொள்கிறார்கள். தமிழில் எழுத வருகிற பிள்ளை, எங்கோ ஓர் அறையில் எவரோ செய்யப்போகிற பிழைக்கு முன்கூட்டியே பொறுப்பேற்றுக்கொண்டுதான் தேர்வுக்கூடத்துக்குள் நுழைகிறது. மொழிபெயர்த்தவருக்குச் சன்மானம், படித்தவருக்குத் தண்டனை. திருடன் தப்பி ஓடினால் வீட்டுக்காரனைப் பிடித்து உள்ளே வைக்கலாம் என்று குற்றவியல் சட்டத்தில் எழுத இன்னும் யாருக்கும் துணிவு வரவில்லை. கல்வித் துறையில் அந்தத் துணிவுக்குப் பஞ்சமே இல்லை.

2018 மே 6ஆம் தேதி நடந்ததை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த ஆண்டு நீட்டை நடத்தியது சிபிஎஸ்இ. தமிழ்க் கேள்வித்தாளைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஏறத்தாழ 24 ஆயிரம் பேர். மொத்தம் 180 கேள்வி, 720 மதிப்பெண், மூன்று மணி நேரம். கேள்விக்கு ஒரு நிமிடம். தப்பாகக் குறித்தால் ஒரு மதிப்பெண் கழிவு. அந்த 180இல் 49 கேள்விகளின் தமிழ் பிழைபட்டது என்பது புகார். ஆங்கிலத்தில் சீட்டா என்றிருந்த சிறுத்தை, தமிழில் 'சீத்தா' ஆகியிருந்தது. பயிர் 'ரகம்', 'நகம்' ஆகியிருந்தது. பதினேழு வயதுப் பிள்ளை இரண்டு வருடம் உயிரியலைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்து, தனக்கென்று ஒதுக்கப்பட்ட அறுபது நொடியில், இது விலங்கா, சீத்தாப்பழமா, ராமாயணமா என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அதே ஆண்டுதான் தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்கு எர்ணாகுளத்திலும் ராஜஸ்தானிலும் தேர்வு மையம் ஒதுக்கினார்கள். மகனைக் கூட்டிக்கொண்டு எர்ணாகுளம் போன தந்தை ஒருவர், பையன் தேர்வெழுதிக்கொண்டிருக்கும்போதே மாரடைப்பில் இறந்துபோனார். இதற்கும் எந்தப் பிரதி இறுதியானது என்று கையேட்டில் குறிப்பு இல்லை.

மார்க்சிஸ்ட் கட்சியின் மாநிலங்களவை உறுப்பினர் டி.கே.ரங்கராஜன் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். ஜூலை 10ஆம் தேதி தீர்ப்பு வந்தது: தமிழில் எழுதிய அனைவருக்கும் 49 கேள்விகளுக்குத் தலா நான்கு, மொத்தம் 196 மதிப்பெண் கொடுங்கள், தரவரிசையைத் திருத்துங்கள். ஜூலை 20ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. நவம்பரில் அந்தத் தீர்ப்பையே ரத்து செய்தது. பத்து நாள் ஆயுள்.

196ஐ மொத்தமாக அள்ளிக் கொடுப்பது சரியான கணக்கு இல்லைதான்; ஒப்புக்கொள்கிறேன். அந்த 49இல் ஏற்கெனவே சரியாக எழுதியவரும் இருப்பார், எந்த மொழியில் கேட்டிருந்தாலும் தெரியாதவரும் இருப்பார். ஆனால் 196 அதிகம் என்று கண்டுபிடித்த மேதைமைக்கு, பூஜ்யம் குறைவு என்று ஏன் தோன்றவில்லை? 49 கேள்வியையும் தூக்கிவிட்டு மீதி 131க்குத் திருத்தி விகிதம் போடலாம். தமிழில் எழுதியவர்களுக்கு மறுதேர்வு வைக்கலாம். எட்டாம் வகுப்பில் விகிதக் கணக்குப் படித்தவருக்கு எட்டுகிற வழிகள் இவை. எதுவும் நடக்கவில்லை. விதிதான் முன்பே இருக்கிறதே, ஆங்கிலமே இறுதி. பக்கத்திலேயே ஆங்கிலம் அச்சாகியிருந்ததே, ஒரு பார்வை பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்று கேட்ட படித்த பெருமக்களும் உண்டு. ஆங்கிலம் பார்த்துப் புரிகிற பிள்ளை தமிழ்த்தாளை ஏனய்யா வாங்கப்போகிறது? காது கேட்காதவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளரை வைத்து, அவரும் தப்புத் தப்பாகக் கையசைத்தபின், ஒலிபெருக்கிதான் பக்கத்திலேயே அலறிக்கொண்டிருந்ததே என்று சொல்கிற நியாயம் இது.

2022 ஜனவரி 12ஆம் தேதி பிரதமர் காணொளி வழியாகத் தமிழ்நாட்டுக்கு 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைத் திறந்துவைத்தார். அதில் ஒன்று நம் திருவள்ளூருக்கு. மாவட்டத்துக்கே பெருமை. அதற்கு முந்தைய வருடம்தான் நீட்டின் பாதிப்பை ஆராய்ந்த ஏ.கே.ராஜன் குழு தன் அறிக்கையைக் கொடுத்திருந்தது. அதன்படி, தமிழ்நாட்டு மருத்துவ இடங்களில் தமிழ் மீடியம் பிள்ளைகளின் பங்கு நீட் வருமுன் 15 சதவீதத்தை ஒட்டி இருந்தது. நீட் வந்தபின் 2 சதவீதத்தை ஒட்டிப் போனது. கட்டடம் நம் மாவட்டத்தில், நிலம் நம் நிலம், நோயாளி நம் ஆள். வெள்ளைக் கோட்டு மட்டும் ஆங்கிலப் பிரதி. 2020இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்திராவிட்டால், இதே மாவட்டத்துக் கவரப்பேட்டைப் பிள்ளை அந்தக் கல்லூரிக்குள் காய்ச்சல் வந்தால்தான் நுழைய முடியும்.

சலுகை என்றாலே நம் ஊர் மெரிட்வாதிகளுக்கு மூச்சு முட்டும். தேர்வின் தரம் போய்விடுமாம். அவர்கள் கோயிலாகக் கும்பிடுகிற அமெரிக்காவில் என்ன நடக்கிறது என்று பார்த்துவிடலாம். சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் தெரியாத சீனப் பிள்ளைகளுக்காகத் தொடுத்த வழக்கில் 1974இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எல்லாருக்கும் ஒரே புத்தகம், ஒரே வாத்தியார், ஒரே பாடம் கொடுத்துவிட்டால் மட்டும் சமமாக நடத்தியதாக ஆகிவிடாது. பிள்ளைக்கு மொழி புரியவில்லை என்றால் அதற்கு வழி செய்யவேண்டியது பள்ளியின் கடமை. இன்றைக்கு நியூயார்க் மாநிலத்தில், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு அரசுத் தேர்வில் கூடுதல் நேரம் உண்டு. தாய்மொழிச் சொற்பட்டியல் கையில் உண்டு. ஆங்கிலத் தாளையும் தாய்மொழித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதலாம். விடையைத் தாய்மொழியிலேயே எழுதவும் வழி உண்டு. இதனால் ப்ரூக்ளின் பாலம் இடிந்து விழுந்ததாகத் தகவல் இல்லை.

அவர்கள் ஒரு விஷயத்தில் கறாராக இருக்கிறார்கள். ஆங்கிலப் பாடத் தேர்வில் மட்டும் இந்த மொழிபெயர்ப்பு வசதி கிடையாது. ஏனென்றால் அங்கே சோதிப்பதே ஆங்கிலத்தை. கணக்குத் தேர்வில் கணக்கை, அறிவியல் தேர்வில் அறிவியலை. இவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ள வல்லுநர் குழு, துணைக் குழு, இரண்டு ஸ்டார் ஓட்டல் கருத்தரங்கு எதுவும் வேண்டாம்.

நம் நாட்டில் சோதிப்பது ஒன்றே ஒன்றைத்தான். கணக்கு, தாவரவியல், தபால் பிரித்தல், துப்பாக்கி பிடித்தல், எதற்குத் தேர்வு வைத்தாலும் உள்ளே இருப்பது மொழித் தேர்வு. 2019 ஜூலை 14ஆம் தேதி தபால்காரர் வேலைக்கு நடந்த தேர்வின் முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் இருந்தது. ஆந்திர எல்லையோர ஆரம்பாக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் முகவரி எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆளை, இந்தி தெரியுமா என்று சோதித்துப் பொறுக்கினால் கடிதம் எங்கே போய்ச் சேரும்? மாநிலங்களவையைத் தமிழ்நாட்டு உறுப்பினர்கள் முடக்கினார்கள். இரண்டு நாளில் அமைச்சர் ரவிசங்கர் பிரசாத் தேர்வை ரத்து செய்தார். அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னால் நடந்தது இன்னும் ரசமானது. தமிழ்நாட்டு அஞ்சல் வட்டத் தேர்வில் அரியானாக்காரர்கள் தமிழ்த்தாளில் 25க்கு 20க்கு மேல் வாங்கி, தமிழ்நாட்டுப் பிள்ளைகளைப் பின்னுக்குத் தள்ளி முன்னால் வந்து நின்றார்கள். முறைகேடு என்று கூச்சல் எழுந்தது. எனக்கென்னவோ தமிழ் வளர்ச்சித் துறை அவசரப்பட்டு விருது கொடுக்காமல் விட்டதே பெரிய விஷயம் என்று தோன்றியது.

ஆவடி நம் மாவட்டம். அங்கே சிஆர்பிஎஃப் பயிற்சி மையம் இருக்கிறது. 2023இல் அந்தப் படை 9,212 பேரை எடுக்க அறிவிப்பு விட்டது. தமிழ்நாட்டுக்கு 579 இடம். தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும். நூற்றுக்கு 25 மதிப்பெண் அடிப்படை இந்தி அறிவுக்கு. பயிற்சி மைதானத்தின் மதிலுக்கு வெளியே ஓடிப் பழகிய ஆவடிப் பையன், காலால் ஜெயித்து, மார்பளவில் ஜெயித்து, பேனாவில் தோற்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஏப்ரலில் முதலமைச்சர் கடிதம் எழுதினார். அந்த மாதமே உள்துறை இறங்கிவந்து, மத்திய ஆயுதப் படைகளின் காவலர் தேர்வை 13 மாநில மொழிகளிலும் நடத்துகிறோம் என்றது. 2024 முதல் நடந்தது. அதாவது, முடியாது முடியாது என்று எழுபது வருடம் சொன்ன காரியம், முடிக்க வேண்டும் என்று நினைத்தபோது ஒரு மாதத்துக்குள் முடிவாகிவிட்டது. தேர்வு மொழி விஷயத்தில் தொழில்நுட்பச் சிக்கல் என்று யாராவது உங்களிடம் சொன்னால் இந்த ஏப்ரலை நினைவுபடுத்துங்கள்.

தேர்வை எந்த மொழியில் எழுதினாய் என்ற கேள்வியை வைத்து ஓர் அரசு விளையாட ஆரம்பித்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்குச் சாட்சி தேடி நாம் டெல்லிக்கோ கொழும்புக்கோ போக வேண்டாம். கும்மிடிப்பூண்டியில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்று சட்டம் போட்ட பிறகு, தமிழ் அரசு ஊழியர் வேலையில் உயர வேண்டுமானால் சிங்களத் தேர்வில் தேற வேண்டும் என்றார்கள். 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. மருத்துவத்துக்குத் தமிழில் எழுதிய மாணவருக்கு 250 மதிப்பெண் வேண்டும். சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதும். போருக்கு இது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வேறொன்றைக் கையில் எடுத்த ஒரு தலைமுறையைப் பற்றி எழுதியவர்கள் யாரும் இந்த எண்களைத் தாண்டிப் போனதில்லை. அந்த எண்களின் பேரப்பிள்ளைகள் நம் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறார்கள்.

ஆக, இந்தப் பாடம் நமக்குத் தெரியும். தழும்போடு தெரியும். அப்படித் தெரிந்த நாம், நம் கைக்குள் இருக்கிற பிள்ளைகளை என்ன செய்கிறோம்?

முதலில் நம் சொந்தப் பிள்ளை. 2012-13இல் இருந்து அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் மீடியம் பிரிவுகள் வந்தன. ஜிஎன்டி சாலையில் கும்மிடிப்பூண்டி வரை வரிசையாக இருக்கிற பள்ளிகளில் பெற்றோர் முண்டியடித்துச் சேர்த்தார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உருக்காலையில் பன்னிரண்டு மணி நேரம் நெருப்பின் முன்னால் நிற்கிறவருக்கு, ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தனக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று துல்லியமாகத் தெரியும். மகன் அந்தப் பக்கம் போக வேண்டும் என்று நினைக்கிறார். நியாயம். வகுப்பில் நடப்பதுதான் விசேஷம். ஆசிரியர் ஆங்கில வரியைப் படிப்பார், தமிழில் விளக்குவார், பிள்ளை ஆங்கிலத்தில் மனப்பாடம் செய்யும். ஒளிச்சேர்க்கை பற்றி ஒரு பக்கம் கமா பிசகாமல் எழுதும். இலைக்கு வெயில் எதற்கு என்று கேட்டால் விழிக்கும். புக் பேக் கேள்வி வந்தால் பாஸ். கொஞ்சம் மாற்றிக் கேட்டுவிட்டால் மறுநாள் தொலைக்காட்சியில், கேள்வித்தாள் கடினம், மாணவர்கள் கண்ணீர்.

அந்தப் பிள்ளைக்குப் புரியாத மொழியில் பாடம் நடத்திவிட்டு, புரியவில்லை என்றதும் கல்வித் துறை ஒரு பட்டம் கொடுக்கும்: மெல்லக் கற்பவர். அதற்கென்று தனிக் கையேடு, தனி வகுப்பு, சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ். கற்றல் குறைபாடுள்ள பிள்ளைக்கு மருத்துவச் சான்று கொடுத்தால் கூடுதல் நேரம் உண்டு, மொழிப்பாட விலக்கு உண்டு, சொல்வதை எழுதுகிறவர் உண்டு. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல எதுவும் இல்லை. குறைபாடு பிள்ளையிடம் இல்லாமல் பள்ளியிடம் இருக்கும்போது சான்று யாரிடம் வாங்குவது என்பதைத்தான் அரசாணை சொல்லவில்லை.

அடுத்து, நம் பக்கத்து வீட்டுப் பிள்ளை. திருத்தணி 1960 ஏப்ரல் 1 முதல் நம்மோடு இருக்கிறது. ம.பொ.சி. போராடி வாங்கிக் கொடுத்த எல்லை. எல்லையை வாங்கினால் எல்லையில் இருக்கிற மனிதரும் சேர்ந்துதான் வருவார்கள். பள்ளிப்பட்டு, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி பக்கம் தெலுங்கு பேசுகிற குடும்பங்களும் தெலுங்கு மீடியம் பள்ளிகளும் இன்றும் உண்டு. 2006இல் தமிழ் கற்றல் சட்டம் வந்தது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக ஏறி, 2016 பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் முதல் பாடமாகத் தமிழ் கட்டாயம் என்று வந்து நின்றது. தமிழ்நாட்டில் இருக்கிற பிள்ளை தமிழ் படிக்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் எங்கள் பள்ளிகளுக்குத் தமிழாசிரியரே போடவில்லை, தேர்வு மட்டும் வைக்கிறீர்களே என்று அந்தப் பெற்றோர் முறையிட்டபோது, நாம் பத்து வருடம் என்ன செய்துகொண்டிருந்தோம்? அவர்கள் நீதிமன்றம் போய்த்தான் விலக்கு வாங்கினார்கள். வருடா வருடம் அந்த விலக்கு தொங்கலில் நின்றது. 2023இல் உச்ச நீதிமன்றம் வரை போய் மறுபடி நீட்டித்து வந்தார்கள். மதுரைக் கிளையில் தமிழ்ப் பிள்ளைக்காகக் கறுப்புக் கோட்டு போட்டு வாதாடிய நியாயம், தெலுங்குப் பிள்ளை வந்து நின்றபோது அரசுத் தரப்புக்கு மாறி உட்கார்ந்துகொண்டது. கற்பிக்காததைச் சோதிப்பது சிபிஎஸ்இ செய்தால் ஆதிக்கம், நாம் செய்தால் மொழிப்பற்று.

கடைசியாக, யாருடைய பிள்ளையும் அல்லாத பிள்ளை. புழல், செங்குன்றம், பெரியபாளையம் சுற்றுவட்டாரத்தில் செங்கல் சூளைகள். உள்ளூர்க்காரர்கள் சேம்பர் என்பார்கள். ஒடிசாவின் பலாங்கிர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து, மழை விட்டதிலிருந்து அடுத்த மழைக்கு முன்வரை கல் அறுப்பார்கள். சென்னையின் அடுக்குமாடிகள் பலவும் அவர்கள் கையில் பட்ட மண். அவர்களோடு வருகிற பிள்ளைகளுக்குச் சர்வ சிக்ஷா அபியான் காலத்தில் திருவள்ளூர் மாவட்டத்தில் நல்லது நடந்தது உண்மை: சூளைப் பக்கம் வகுப்புகள், ஒடிசாவிலிருந்து தருவித்த ஒடியாப் பாடநூல்கள், ஒடியா தெரிந்த ஆசிரியர்கள். அந்த மாதிரியான காரியம் நம்மால் முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் அது எப்போதும் திட்டமாகத்தான் இருந்தது, உரிமையாக இல்லை. நிதி வந்தால் வகுப்பு, தொண்டு நிறுவனம் வந்தால் வாத்தியார்.

மற்றபடி அந்தப் பிள்ளைக்கு நாம் கொடுக்கிற தேர்வுச் சலுகை உலகத்திலேயே தாராளமானது. நியூயார்க்கில்கூடக் கிடையாது. தமிழ் தெரியாத பிள்ளையைத் தமிழ் வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார வைப்போம். எட்டாவது வரை ஆல் பாஸ். கேள்வி கிடையாது, பதில் கிடையாது. மழை வருமுன் ஊருக்குப் போய்விடும்; அங்கே ஆண்டுத் தேர்வு முடிந்திருக்கும். இரண்டு மாநிலப் பதிவேட்டிலும் பெயர் இருக்கும், எந்தத் தாளிலும் கையெழுத்து இருக்காது. கல்வி உரிமைச் சட்டம் 2009, பயிற்றுமொழி இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த 'இயன்றவரை' என்ற சொல்லுக்குள் ஒரு மாவட்டத்தின் பிள்ளைகள் முழுவதையும் ஒளித்துவைக்க இடம் இருக்கிறது. அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி செய்து கொடு என்று 1956இல் இருந்து மாநிலங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. பாவம், அதற்கும் மெல்லத்தான் பதில் கிடைக்கும்போல.

வயிறெரிகிற விஷயம் இன்னொன்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, ஆலையில் வைக்கிற அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலானவருக்குப் புரிகிற மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. சுதந்திரம் வந்த மறு வருடமே, கொதிகலனுக்கு முன்னால் நிற்கிறவருக்குப் புரியாத மொழியில் எச்சரிக்கை எழுதினால் ஆள் செத்துப்போவான் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஐயம் எழுந்தால் ஆங்கிலப் பிரதியே இறுதி என்று அவர்கள் அங்கே எழுதவில்லை. சிப்காட்டில் இந்தப் பிரிவு எத்தனை சுவரில் உயிரோடு இருந்தது என்பது வேறு கதை. தகப்பனுக்கு இயந்திரத்தின் முன்னால் காகிதத்திலாவது இருந்த மொழி உரிமை, மகளுக்குக் கேள்வித்தாளின் முன்னால் காகிதத்திலும் இல்லை. இயந்திரம் கையை எடுத்தால் நஷ்டஈடு கொடுக்க வேண்டும், தேர்வு வாழ்க்கையை எடுத்தால் செலவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் பேசிவிட்டுத் தீர்வு சொல்லாமல் போனால் எதிர்மறையாளன் என்பார்கள். எனவே ஓர் அரசாணை வரைவை இலவசமாகத் தருகிறேன். நீட்டை இப்போது நடத்துகிற தேசியத் தேர்வு முகமையின் அதிகாரிகள், மெரிட் பற்றி ஆங்கில நாளேட்டில் கட்டுரை எழுதுகிறவர்கள், அவர்களோடு நம் மாநிலக் கல்வித் துறை இயக்குநர்கள், மொழிப்போர் நாளில் மாலை போட்டுவிட்டுப் பிள்ளையை சிபிஎஸ்இ பள்ளியில் கொண்டுவிடுகிற தலைவர்கள் ஆகிய அனைவருக்கும் பதவி உயர்வுக்கு முன் ஒரு தகுதித் தேர்வு. இடம்: செங்குன்றத்துக்கு அப்பால் ஒரு சேம்பர். காலம்: மே மாதப் பகல். கேள்விகள் அவரவர் துறையிலிருந்து, மிகச் சுலபமானவை. கேள்வித்தாள் ஒடியாவில். அவர்கள் வசதிக்காக ஆங்கில மொழிபெயர்ப்பும் பக்கத்தில் உண்டு. அதைச் செய்து தருவது 2018இல் சிறுத்தையைச் சீத்தா ஆக்கியவர்கள். கேள்விக்கு ஒரு நிமிடம். தப்புக்குக் கழிவு. கம்மல், கைக்கடிகாரம், அடையாள அட்டை தொங்கும் பட்டை எல்லாம் வாசலில் கழற்றப்படும். மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஒடியாப் பிரதியே இறுதியானது. ஒடியா தெரியாத அதிகாரிகள் மெல்லக் கற்பவர்களாக அறிவிக்கப்பட்டு, சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் சிறப்பு வகுப்பில் உட்கார வைக்கப்படுவார்கள். வகுப்பை நடத்தச் சூளைப் பிள்ளைகளில் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களை நியமிக்கலாம். சம்பளத்தைப் பெற்றோரின் முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம்.

தேர்ச்சி விகிதம் பற்றி நான் கவலைப்படவில்லை. முடிவு வெளியான அன்று மாலையே ஒரு குழு அமைக்கப்படும், மறுநாள் காலை கையேட்டிலிருந்து அந்த விதி நீக்கப்படும். சிஆர்பிஎஃப் தேர்வுக்கு ஒரு மாதம் ஆனது. இதற்கு ஒரு ராத்திரி போதும்.

இந்த ஆணையை யாரும் பிறப்பிக்கப்போவதில்லை என்பதால், வாசகரிடம் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். மறுபடி ஒரு மே மாதத்தில் மறுபடி ஒரு கேள்வித்தாளில் தமிழ் சிதையும். மறுபடி யாராவது நீதிமன்றம் போவார்கள், போக வேண்டும். அப்போது அந்த மனுவில் மூன்று கோரிக்கைகளைச் சேர்க்கச் சொல்லுங்கள்: எந்த மொழியில் எழுதினாரோ அந்த மொழிப் பிரதியே அந்த மாணவருக்கு இறுதியானது, பிழையான கேள்வி யாருடைய மதிப்பெண்ணையும் தின்னக்கூடாது, பயிற்றுமொழி இன்னும் கைவராத பிள்ளைக்குக் கூடுதல் நேரமும் தாய்மொழிச் சொற்பட்டியலும் உரிமை. மனுதாரர் பட்டியலில் பள்ளிப்பட்டுத் தெலுங்குப் பிள்ளையையும் செங்குன்றத்து ஒடியாப் பிள்ளையையும் சேருங்கள். எதிர்மனுதாரர் பட்டியலில் தேசியத் தேர்வு முகமையோடு தமிழ்நாடு அரசையும் சேருங்கள்.